தூப் வேண்டாத மதராஸி

தில்லிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் தேடியது வீடில்லை, வெயில். முனிர்காவில் எங்களுக்குக் கட்டுப்படியான வாடகைக்கு ஒரு தரைத்தள அறைதான் கிடைத்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்தால் எங்கள் ஜன்னலில் தெறிக்கும்; சந்தின் அகலம் அவ்வளவுதான். சுவரெல்லாம் ஓதம். என் மனைவிக்கோ வீசிங். படுத்தால் இழுப்பு, உட்கார்ந்தால் இருமல். "வெயில் படுகிற இடத்துக்கு மாறுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிடலாம்!

அப்போது என் இந்தி காய்கறிக்கடையைத் தாண்டாது. வாசல் வாசலாகப் போய், "சூரஜ் ஹை க்யா?" என்று கேட்டேன். சூரியன் உண்டா என்று கேட்பதாக எனக்கு நினைப்பு. அப்படி யாரும் இங்கே குடியில்லை என்று கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் மட்டும் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். தாடிக்காரர் ஒருவர் இறங்கி வந்து, என்ன விஷயம் என்றார்.

கடைசியில் ஒரு நாலாவது மாடி அறை. நின்று நின்று ஏறிவந்த மனைவி நேரே உள்ளே போய்விட்டாள். வீட்டுக்கார அம்மாள் வாசலிலேயே பெருமையாக ஆரம்பித்தார்: "பஹுத் தூப் ஆதி ஹை, பையா! சுபஹ் ஸே ஷாம் தக்!"

எனக்குப் பகீரென்றது. தூப் என்றால் சாமிக்குப் போடும் புகையல்லவா? காலையிலிருந்து சாயங்காலம்வரை புகை போட்டால் இவள் என்ன ஆவாள்?

"தூப் நஹி சாஹியே! பீவி பீமார்!" என்று கத்தினேன். தூப் வேண்டாம், மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

"தூப் நஹி சாஹியே?" இந்த மதராஸிக்குக் கிறுக்கா என்று அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருகூடச் சண்டை போடுதீய? இங்கன வாங்க" என்று உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள்.

தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடி நிறைய வெயில். அம்மாள் என் ஸ்வெட்டர் கையைப் பிடித்து இழுத்து அந்த வெயிலில் நீட்டி, "யே! யேஹி தோ தூப் ஹை!" என்றார். அடக் கடவுளே, இவர்களுக்கு வெயிலும் தூப்தானா! மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்தாலே இருமுகிறவள் அன்று இருமவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மாள் சொன்ன வாடகை எங்கள் கைக்கு எட்டுவதாகவே இருந்தது; ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். அம்மாள் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார். பக்கத்து மனையில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மாடியாம். அது எழும்பிவிட்டால் இங்கே வெயில் இல்லை.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் எழுந்திருப்பதாக இல்லை. கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"அவன் கட்டுத வரைக்கும் நம்ம வெயிலுதான, உக்காருங்க."