தொடையை அழுத்திப் பிடித்தவர்

நெஞ்சைப் பிளக்காமல், தொடை வழியாகக் குழாய் விட்டே என் இருதய அடைப்பை எடுத்துவிட்டார்கள். துணைக்கு ஆள் வேண்டாம் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுத்தான் கோவில்பட்டியில் மதுரை பஸ் ஏறியிருந்தேன்.

குழாயை உருவியதும் ரத்தம் பீச்சாமலிருக்க ஒருவர் கையால் அழுத்திப் பிடிக்கவேண்டுமாம். நரைத்த மீசையோடு ஓர் ஆஸ்பத்திரி ஊழியர் வந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் பஞ்சை வைத்து, சுவரைப் பார்த்தபடியே அழுத்தினார்.

“எந்த ஊரு பெரியம்மா?”

“பசுவந்தனை.”

“அங்கன மழை உண்டா?”

“பேஞ்சிருந்தா நான் ஏன் இங்கன வந்து படுக்கேன்? பருத்திக் காட்டுல நிப்பேம்லா!”

சிரித்தார், கை மட்டும் அசையவில்லை. பருத்தி, மாடு, சினை பிடிக்காத கிடாரி என்று நான் பேசிக்கொண்டே போனேன். அப்படிப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

“இருவது நிமிசம் ஆச்சு, ரத்தம் நின்னுட்டு. கையை எடுக்கேன்.”

“இன்னும் கசியுத மாதிரி இருக்குய்யா” என்றேன்.

பஞ்சைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை; நானும் பார்த்தேன்.

“ஆமா, கசியத்தான் செய்யுது” என்று மறுபடி அழுத்தினார். “நீங்க சொல்லுங்க, பெரியம்மா.”

நான் எவரிடமும் எதுவும் கேட்கிறவளில்லை. அவரிடம் கேட்டேனா, இல்லையா என்பது இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை.