மூன்றாவது குரல்

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்தில் மாலுமிகள் கிளப்பில் வேலை பார்த்தேன். கோதுமைக் கப்பலில் வந்த அந்த அமெரிக்கச் சமையல்காரருக்கு வெயிலில் வெந்து சிவந்த மூக்கு. பாட்டுக் கேட்டால் ஒரு காதைப் பொத்திக்கொள்வார்.

ஒருநாள் அவர் நாட்டு இசைத்தட்டு ஒன்றைப் போட்டேன். கோடையையும் பூக்களையும் பற்றிப் பலர் சேர்ந்து குதூகலமாகப் பாடும் பாட்டு.

"இதில் மூன்றாவது குரல் என்னுடையது" என்றார்.

தட்டின் உறைப் படத்தில் ஐந்து இளைஞர்கள் சிரித்தார்கள். அவர் இல்லை.

"அழகானவர்களைப் படம் எடுத்தார்கள். பாடியது நாங்கள்."

மேலாளர் அண்ணாச்சி என்னிடம் சொன்னார்: "ஏலே, நல்லா கத விடுதான். பாடச் சொல்லு, பாப்பம்."

காதைப் பொத்திக்கொண்டு பாடினார். அந்தப் பாட்டின் மெட்டே அதில் இல்லை. ஒரே இடத்தில் நின்று முனகுவதுபோல் இருந்தது. எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டார்.

கப்பல் புறப்பட்ட மறுநாள் அதே தட்டை மறுபடி போட்டேன். மற்றவர்கள் உயரே பாட, அடியில் அந்த முனகல் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டே அதன்மேல்தான் நின்றது.

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் பெயர் அதில் இல்லை. நானும் கேட்டிருக்கவில்லை.