மக்கோமா பதில் சொன்ன இசைத்தட்டு

ஊரே கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பாட்டைக் கேட்டு ஒருத்திக்கு மட்டும் சிரிப்பு வந்தால், அவளுக்கு நெஞ்சில் ஈரம் இல்லை என்று அர்த்தமா? தென்னாப்பிரிக்காவில் மமெலோடி என்ற ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார்கள். கேள்விக்குக் காரணமான மக்கோமாவின் கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

மக்கோமாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்பின் ஒரு பக்கத்தை அவள் பிடிப்பாள், மறுபக்கத்தைத் தோழி சகானி பிடிப்பாள். இரண்டு பேருமாக அதைச் சுருக்கமில்லாமல் இழுத்து, சூடான உருளைக்குள் விடுவார்கள். உருளைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி மக்கோமாவின் குரலே உரத்த குரலாகிவிட்டது. ரகசியம் சொன்னாலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். சிரித்தால் கேட்கவே வேண்டாம்.

போன குளிர்காலத்தில் அவளுடைய கணவர் ஃப்ரான்ஸ் இறந்துபோனார். ஜாஸ் ரசிகர் சங்கத்தில் அவர் இருபது வருஷ உறுப்பினர். விட்டுப்போன சொத்தில் அவருக்குப் பெருமையானது ஒரு சுவர் நிறைய இசைத்தட்டுகள்தான். துக்கம் விசாரிக்க வந்த சங்கத் தலைவர் ப்ரா ஹோசியாவின் கண்கள், அவளிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சுவரை மேய்ந்துகொண்டிருந்தன. அந்த ஊரில் ஆணை அண்ணன் என்பதுபோல் 'ப்ரா' என்றும், பெண்ணை அக்கா என்பதுபோல் 'சிஸ்' என்றும் அழைப்பார்கள்.

"சிஸ் மக்கோமா, தப்பா நினைச்சுக்காத. இதெல்லாம் இங்க தூசி பிடிச்சுக் கிடக்க வேண்டாம். சங்கத்துக்குக் குடுத்துட்டா ஃப்ரான்ஸோட ஆத்மா சந்தோஷப்படும்."

"குடுக்கறேன், ப்ரா ஹோசியா. கூடவே நானும் வரேன்."

"நீதான் எப்பவும் வருவியே. சமையல் பக்கம் உன் கை இல்லாம எங்க பெண்களுக்கு ஓடாது."

"சமையல் பக்கம் இல்ல. ஃப்ரான்ஸோட நாற்காலில. உறுப்பினரா."

ஹோசியாவுக்கு இஞ்சி பீர் புரையேறியது.

இருபது வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சங்கத்துப் பெண்களோடு பின்கட்டில் சமையலுக்குக் குடல் கழுவியபடி, சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டுக் கேட்டவள் மக்கோமா. பாட்டு நடுவில் சட்டி கொதிக்கும், யாராவது உப்பு கேட்பார்கள். ஒரு பாட்டைக்கூட அவள் முழுதாகக் கேட்டதில்லை. இனி முன்னால் உட்கார்ந்து முழுதாகக் கேட்க வேண்டும் என்பது அவள் ஆசை. நாற்காலி கிடைக்கவில்லை என்றால் திரும்பவும் குடல்தான்.

பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று சங்க விதியில் எங்கும் இல்லை. யாரும் கேட்பார்கள் என்று தோன்றாததால் எழுதாமல் விட்டிருந்தார்கள். உறுப்பினராக வேண்டுமானால் ஒரே ஒரு நிபந்தனை: தலைவர் தேர்ந்தெடுக்கும் இசைத்தட்டுக்கு எல்லார் முன்னாலும் பதில் சொல்லி, தலைவர் உட்பட எல்லாரையும் கை தூக்க வைக்க வேண்டும்.

பதில் என்றால் வாயால் அல்ல. பாட்டு ஓடும்போது பேசவே கூடாது. ஒருவர் எழுந்து நடுவில் வருவார். அந்த இசை தன்னை என்ன செய்கிறது என்பதைக் கையாலும் காலாலும் காட்டுவார். வேகமான பாட்டென்றால் எல்லாருமே கெட்டிக்காரர்கள். சாக்ஸபோன் ஒற்றையாக அழும் மெதுவான பாட்டு வரும்போதுதான் ஆளுடைய தரம் தெரியும். ஹோசியா அதற்கென்றே தொப்பி வைத்திருந்தார். சாக்ஸபோன் உச்சத்துக்கு ஏறும்போது அதைக் கழற்றி நெஞ்சில் வைப்பார். குழாய் வேலை செய்யும் ப்ரா எலியாஸ், தரையில் எதையோ தொலைத்துவிட்டவர்போல் குனிந்து தேடிக்கொண்டே சுற்றுவார். ஊசி தட்டைத் தொடுவதற்கு முன்பே அவருடைய கைக்குட்டை வெளியே வந்துவிடும். இருவரில் யாருக்குத் துக்கம் அதிகம் என்று பல வருஷமாகப் போட்டி.

ஹோசியா மக்கோமாவுக்குத் தேர்ந்தெடுத்தது ஃப்ரான்ஸின் சுவரிலிருந்தே ஒரு தட்டு. அதில் பியானோ முதலில் நடந்துபோகும். வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று யோசிக்கும் ஆளைப்போல் சாக்ஸபோன் வெகுநேரம் கழித்து வரும். வந்தபின் அது பாடும் பாட்டைக் கேட்டால் கல்லும் கரையும் என்பது சங்கத்தின் தீர்மானம்.

மக்கோமாவுக்கோ அந்தத் தட்டைக் கேட்டால் அழுகையே வராது. காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஃப்ரான்ஸ் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளும்போது போடும் தட்டு அது.

ஃப்ரான்ஸ் சத்தம் போடவே மாட்டார். வந்த மச்சானுக்குக் குடலில் நல்ல துண்டைப் போட்டுவிட்டாள், புதுத் தொப்பியில் அவர் காளான் மாதிரி இருப்பதாகச் சொல்லிவிட்டாள், அவர் அணி தோற்ற நாளில் விசிலடித்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள்: இப்படி ஏதாவது ஒன்று நடந்தால் போதும். முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பியானோ நடக்கத் தொடங்கும். சாக்ஸபோன் உச்சிக்கு ஏறும் அந்த இடத்தில், தான் படும் வேதனை சமையலறைவரை எட்ட வேண்டுமே என்று, கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் வரும். தட்டு ஒருமுறை ஓடினால் சின்னக் கோபம். திரும்பவும் ஓடினால் தேநீர் கொண்டுபோக வேண்டும். அதற்கு மேலும் ஓடினால் மக்கோமா மன்னிப்புக் கேட்க வேண்டும். எதற்கென்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அந்த வாரம் முழுக்கச் சலவைக்கூடத்தில் சோகப் பயிற்சி நடந்தது.

"பல்வலியை நினைச்சுக்கோ," என்றாள் சகானி, விரிப்பை இழுத்தபடி.

மக்கோமா முகத்தைக் கோணினாள்.

"அய்யோ, இது சோகமா? மூணு நாளா வயிறு போகாத மாதிரி இருக்கு."

"நீ செஞ்சு காட்டேன் பாக்கலாம்."

"எனக்கென்ன தலையெழுத்தா? நான் எந்த நாற்காலியும் கேக்கல. சரி, நம்ம மேலாளர் லீவு முடிஞ்சு நாளைக்கு வர்றாருன்னு நினைச்சுக்கோ."

"அழுகை வரல. ராஜினாமாதான் வருது."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் விரிப்பு கோணலாக உருளைக்குள் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஹோசியா தன் காரை முற்றத்தில் நிறுத்தி, கார்க்கொட்டகையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார். மக்கோமா பச்சை உடையும் ஃப்ரான்ஸின் தொப்பியுமாக நடுவில் நின்றாள். பியானோ நடந்தது. சாக்ஸபோன் வந்தது. அவள் கையை நெஞ்சில் வைத்து மெல்ல அசைந்தாள், அதுவரை மோசமில்லை. பிறகு சாக்ஸபோன் ஏறத் தொடங்கியது. ஏறியது, ஏறியது. அந்த இடம் வந்தது. மக்கோமாவின் காதுக்குள் ஃப்ரான்ஸ் இருமினார்.

சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. சட்டென்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது. நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்து விரலிடுக்கில் சொட்டியது.

தட்டு நின்றது. எலியாஸ் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார். கைக்குட்டையை எடுக்கவும் மறந்திருந்தார்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பதில நான் பாத்ததில்ல," என்றார் ஹோசியா. "இந்த மாசக் கடைசில அட்ரிட்ஜ்வில் சங்கத்துக்காரங்க விருந்துக்கு வர்றாங்க. அன்னைக்கு இதையே அவங்க முன்னாடி ஒருதரம் செஞ்சுடு சிஸ். அப்படியே உன்னை உறுப்பினர்னு அறிவிச்சுடறேன். அவங்க சங்கமே பொறாமைல வெந்து சாகட்டும்."

வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் என்று மக்கோமா தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டுக்குப் போனதும் அதே தட்டை முன்னறையில் போட்டு, சமையலறையில் நின்று கேட்டாள். சாக்ஸபோன் ஏறிய இடத்தில் இருமல் வரவில்லை. சற்று நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்தாள்.

விருந்தாளிகள் இரட்டை நிற ஷூக்கள் பளபளக்க வந்து இறங்கினார்கள். ஹோசியா அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, "கைக்குட்டை இருக்கில்ல? இல்லாதவங்க இப்பவே சொல்லிடுங்க," என்று வேறு சொன்னார். அதுதான் வினையாகப் போனது. முகத்தை மூடிக் குலுங்குவதற்கு மக்கோமா தயாராகத்தான் இருந்தாள். ஆனால் சாக்ஸபோன் ஏறியபோது விரலிடுக்கு வழியே பார்த்தால், முன்வரிசை முழுக்கக் கைக்குட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் எப்போது அழுவாள் என்று காத்திருக்கிறது.

அவ்வளவுதான். உருளைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டுப் பழகிய அந்தச் சிரிப்பு வெடித்தது. தெருவில் நாய் குரைத்தது.

ஹோசியா ஊசியைத் தூக்கினார். அவர் முகம் கறுத்துவிட்டது.

"சிஸ் மக்கோமா! செத்துப்போன மனுஷனோட ரெக்கார்டு இது. சிரிக்கறியா நீ?"

"அன்னைக்கும் சிரிச்சேன், ப்ரா ஹோசியா. நீங்கதான் அழுகைன்னு நினைச்சுக்கிட்டீங்க." மக்கோமா தொப்பியைக் கழற்றினாள். நாற்காலி போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனது போகட்டும், பொய் சொல்லி அதில் உட்கார வேண்டாம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். மச்சானுக்குப் போட்ட துண்டு, காளான் தொப்பி, சாத்திய கதவு, இருமல். "அழுத மாதிரி நடிக்கத் தெரியாம இல்ல. இந்தப் பாட்டுக்கு மட்டும் முடியல."

"அப்ப உனக்கு வருத்தமே இல்லையா?" என்றார் எலியாஸ்.

"ஃப்ரான்ஸைப் புதைச்சன்னைக்கு, சங்க வழக்கப்படி கல்லறைல நீங்க எல்லாரும் துள்ளல் பாட்டு போட்டு ஆடினீங்களே. அப்ப யாரு அழுதா?"

எலியாஸ் யோசித்தார். "நீதான். ரெண்டு பேர் உன்னைப் பிடிச்சுக்க வேண்டியிருந்துச்சு."

"அது அவர் சந்தோஷமா இருக்கறப்ப போடற பாட்டு. சம்பள நாள்ல போட்டுட்டு, என் கைய ஈரத்தோட பிடிச்சு இழுத்து ஆடவைப்பார். அதைக் கேட்டாத்தான் எனக்குத் தாங்காது. இது... இது மன்னிப்புக் கேட்டே நான் ஜெயிச்ச சண்டைங்களோட பாட்டு."

பின்கட்டுக் கதவு திறந்தது. கரண்டியோடு நின்றவள் ஹோசியாவின் மனைவி செலினா.

"எங்க வீட்டுலயும் ஒரு ரெக்கார்டு இருக்கு," என்றாள். "ஆனா இவர் இரும மாட்டார். நாற்காலியை நகர்த்துவார். கிர்ருன்னு."

"செலினா!"

"என்ன செலினா? போன செவ்வாக்கிழமை எத்தனை தடவை நகர்த்தினீங்க? கஞ்சில உப்பு குறைஞ்சதுக்கு ஒரு மனுஷன் ராத்திரி பூரா சாக்ஸபோன் கேக்கலாமா?"

செலினாவின் பின்னாலிருந்து இன்னும் இரண்டு பெண்களின் சிரிப்புக் கேட்டது. விருந்தாளிகளில் ஒருவர் மட்டும் தன் ஷூவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் ஏதோ இருக்க வேண்டும்.

ஹோசியா தொப்பியைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போனார். காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் காருக்குள் கேசட்டில் ஒரு பியானோ மெல்ல நடக்கும் சத்தம் கேட்டது.

செலினா ஒரு தட்டில் குடலும் அச்சார் ஊறுகாயும் வைத்துக்கொண்டு கார்ப்பக்கம் போனாள். கண்ணாடி இறங்கியது. சாப்பாட்டுத் தட்டு உள்ளே போனது. கண்ணாடி ஏறியது.

எலியாஸ்தான் துணைத்தலைவர். தொண்டையைச் செருமிக்கொண்டார், கூட்டம் சிரித்தது, அது இருமல் இல்லை என்று அவர் விளக்க வேண்டியிருந்தது. "விதில ரெக்கார்டுக்குப் பதில் சொல்லணும்னுதான் இருக்கு. அழணும்னு இல்ல. இவளுக்கு அது என்ன செய்யுதோ அதைக் காட்டிட்டா. நானே இத்தனை வருஷமா தரைல என்னத்தைத் தேடறேன்னு எனக்குத் தெரியாது. சம்மதம்னா கை தூக்குங்க."

ஒவ்வொரு கையாக எழுந்தது. ஆனால் தலைவரின் கை இல்லாமல் உறுப்பினர் சேர்க்கை செல்லாது. எல்லாரும் முற்றத்தைப் பார்த்தார்கள். காருக்குள் சாக்ஸபோன் ஏறிக்கொண்டிருந்தது. ஏறி, உச்சியில் நின்று, இறங்கியது. மக்கோமா தொப்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கார் ஜன்னல் பாதி இறங்கியது. முகம் தெரியவில்லை. அச்சார் எண்ணெய் வழியும் விரல்களோடு ஒரு கை மட்டும் வெளியே வந்து, வேண்டாவெறுப்பாக மேலே எழுந்தது.

மக்கோமா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நாற்காலியின் கதை இவ்வளவுதான். உங்கள் வீட்டில் யாராவது கதவைச் சாத்திக்கொண்டு சோகப் பாட்டுப் போடுகிறவர்கள் இருந்தால், இதைச் சாத்திய கதவுக்கு வெளியே நின்று கொஞ்சம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சிரித்தால், அவர்களையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.