பூநாரைகள் பறந்த பின் நடந்த பரீட்சை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

கடலோர உப்புநீர்ப் பரப்பாகிய சுண்டிக்குளக் களப்பை நேரிற் கண்டிராத தங்களுக்கு, 1974ஆம் ஆண்டு மாசி மாதம் யான் அங்கு சென்று வந்த விபரத்தைக் கண்டது கண்டவாறே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பண்டத்தரிப்பில் முதலாவது பஸ்ஸில் ஏறினேன். யாழ்ப்பாணத்தில் மாறி, சாவகச்சேரி கடந்து, எட்டரைக்கு இயக்கச்சிச் சந்தியில் இறங்கினேன். இருபத்தெட்டு ஆண்டுகள் பஸ்ஸிலே ரிக்கற் கிழித்தவனாகிய யான், அன்று ரிக்கற் வாங்கிய பிரயாணி. அங்கிருந்து மணற்பாதையில் ட்ராக்டர் பெட்டியிற் பயணம். ஒன்றேகால் மணி நேரம் இடுப்பெலும்பு ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தை எனக்கு அறிவித்தது.

சென்ற காரணம் இது. களப்பையும் அதிற் கூடும் பறவைகளையும் பார்க்க வருவோருக்கு அவற்றை விளக்கிக் காட்டும் வழிகாட்டிகளுக்கென மூன்று நாட் பயிற்சியும், இறுதியிற் பரீட்சையும் வைத்திருந்தனர். தேறியவருக்குச் சான்றிதழ் உண்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு, கற்றவன் என்று சொல்லும் தாள் ஒன்றேனும் வாழ்நாளில் வாய்த்ததில்லை. அதனைப் பெறாமல் வீடு திரும்புவதில்லை என்றே புறப்பட்டேன்.

பெட்டியில் என்னருகே இருந்தவர் சாவகச்சேரி வாடகைக்கார்ச் சாரதி சின்னராசா. அவரும் பரீட்சைக்கே வந்தார்.

“அண்ணை, கண்டக்டர் வேலையெண்டு நினைச்சு வாறியளோ? பறவையள் ரிக்கற் எடுக்காதுகள்.”

“ஓம் தம்பி, மிச்சக் காசு கேட்டுச் சண்டைக்கும் வராதுகள்,” என்றேன். ட்ராக்டர்காரரும் சிரித்தார்.

பயிற்சி அளித்தவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. யாவரும் அவரை ரீச்சர் என்றே அழைத்தோம். கரையோரம் வெள்ளைத் தடிகள் நட்டிருந்தன. “தடிக்கு அங்காலை ஒருத்தரும் போகப்படாது, சத்தம் போடவும் படாது,” என்றார். “தூர தேசத்துக்குத் திரும்பிப் பறக்க, இஞ்சை திண்டுதான் கொழுப்புச் சேர்க்குதுகள். சும்மா கலைச்சா அந்தக் கொழுப்புத்தான் கரையும்.”

தடிகளுக்கு அப்பால் பூநாரைகள் நின்றன. நீரின்மேல் இளஞ்சிவப்புச் சேலையொன்றை உலரப் போட்டாற்போல் இருந்தது. இரண்டு நாட்களாக அவற்றைப் பார்த்து, நாற்பது நிமிடத்துக்கு ஓர் உரையைச் செந்தமிழில் மனனஞ் செய்து, ரீச்சருக்கும் ஒருமுறை சொல்லிக் காட்டினேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பரீட்சை. வந்த பார்வையாளருக்கு ஒவ்வொருவரும் நாற்பது நிமிடம் களப்பை விளக்கிக் காட்ட வேண்டும். குருநகரிலிருந்து நால்வர் பார்வையாளராக வந்தனர். அவர்களுள் மீன் விற்கும் மேரியம்மா என்பவரே அதிகம் கதைத்தார். முதலிற் சின்னராசாவின் முறை. அவர் பேச்சு தேனாக இருந்தது. முடியும் தறுவாயில் மேரியம்மா, “உதுகள் பறக்காதோ தம்பி?” என்று கேட்டார். வந்த விருந்தாளியை ஏமாற்ற மனமில்லாத சின்னராசா கையைத் தட்டி, நீண்டதொரு சீழ்க்கையும் அடித்தார்.

களப்பு முழுவதும் எழுந்தது. மடித்திருந்த சிறகுகளின் உட்சிவப்பு ஒரே கணத்தில் விரிந்தது. நால்வரும் ஆர்ப்பரித்தனர்; உண்மையைச் சொன்னால் யானும் வாய் பிளந்து நின்றேன். பின்பு கூட்டம் கிழக்கே சென்று கண்ணுக்கு மறைந்தது. அடுத்த முறை என்னுடையது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ரீச்சர் என்னைத் தனியே அழைத்தார். “ஐயா, உங்களிலை பிழையில்லை. வாற வருஷம் வாங்கோ, முதல் ஆளா விடுறன்.”

ஏற வந்த சனத்தை ஒருநாளும் தெருவில் விட்டுப் போனவனல்லன் யான். “இல்லை ரீச்சர், இவையளை இப்பவே கூட்டிக்கொண்டு போறன்,” என்றேன்.

மனனஞ் செய்த உரையோ பறவைகளோடே பறந்து போயிற்று. தடிகளுக்கு இப்பால், முந்திய நாள் நீர் வற்றிய சேற்றுக்கு நால்வரையும் அழைத்துச் சென்று, செருப்புகளைக் கழற்றச் சொன்னேன்.

“பறவை பாக்க வந்த எங்களைச் சேறு மிதிக்க விடுறியளோ ஐயா?” என்றார் மேரியம்மா.

“அதுகள் மிதிச்ச சேறுதான் அம்மா. குனிஞ்சு பாருங்கோ.”

சேற்றில் வட்டவட்டமான பள்ளங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் சிறு மேடு. பூநாரை ஒரே இடத்திற் சுற்றிச்சுற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கி, தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடித்து உண்ணும் என்று விளக்கினேன். விரலிடைச் சவ்வோடு பதிந்த தடங்களை அவர்களே கண்டுபிடித்தனர். பள்ளத்து நீரைக் கையால் அள்ளச் சொன்னேன். மேரியம்மா தம் உள்ளங்கையை முகத்தருகே கொண்டு சென்றார்.

“இஞ்சை, உது கூனி இறால் மாதிரியெல்லோ துடிக்குது! உந்தப் பொடியைத் தின்னவோ இவ்வளவு தூரம் வருகுதுகள்?”

“அதின்ரை சிவப்பும் உந்தப் பொடியாலைதான் அம்மா.”

அவர் கையைச் சற்று நேரம் பார்த்திருந்தார். பிறகு, “அப்ப நாங்கள் கலைச்சது பிழைதான்,” என்று தாமாகவே சொல்லி, நீரை மெல்ல அதே பள்ளத்தில் விட்டார். ரீச்சர் குறிப்பேட்டில் எழுதுவதை அக்கணம் யான் கண்டேன்.

பதினொரு மணிக்கு முடிவு அறிவித்தனர். எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. “செந்தமிழை மறந்தது நல்லதாப் போச்சு ஐயா,” என்றார் ரீச்சர். பறவைகளைக் கலைத்த சின்னராசா மறுவருடம் மீண்டும் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும் என்றாயிற்று. அவர் என்னோடு முகங்கொடுத்துக் கதைக்கமாட்டார் என எண்ணினேன். ட்ராக்டர் புறப்படுமுன் அவரே வந்தார்.

“அண்ணை, அந்தப் பள்ளங்களை எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ.”

இருவரும் செருப்பைக் கையிலெடுத்துச் சென்றோம். அவர் வெகுநேரம் குந்தியிருந்து பார்த்தார். ட்ராக்டர்காரர் இருமுறை கூப்பிட்டும் எழவில்லை.

எங்கள் வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்தையும் புகையிலையையும் விளக்க எவரும் சான்றிதழ் கேட்பதில்லை. அவை நட்ட இடத்தில் நிற்பன. பூநாரையோ நின்றால் நிற்கும், போனாற் போகும். வெறும் களப்பின் முன்னே நிற்க நேரும் வழிகாட்டி ஒருவருக்கு இவ்வெழுத்து உதவலாம். ஆகையால் இதனைப் பேணி வைக்குமாறு தங்களை வேண்டிக்கொள்கிறேன்.