பிஸ்கட் டின்னில் இரண்டாயிரம் ஆட்டங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை, பாண்டிச்சேரி செஸ் அணிக்கான தேர்வுப் போட்டியில் தோற்றுவிட்டேன். காரைக்காலுக்கு ஒரே ஓர் இடம். கடைசி ஆட்டத்தை டிரா செய்திருந்தால்கூடப் போதும். நாற்பத்திரண்டு வயதில் இன்னொரு வாய்ப்பு எங்கே கிடைக்கப்போகிறது?

தயாரிப்பில் குறையே இல்லை. என்னிடம் இரண்டாயிரம் ஆட்டங்கள் இருக்கின்றன — நகர்த்தல்களை எழுதிய அட்டை, ஆட்டத்துக்கு ஒன்று, ஆட்டம் தொடங்கும் விதமான ஓப்பனிங் வாரியாகப் பிரித்து, எட்டு பிஸ்கட் டின்களில்!

கடைசி மூன்று டின்கள், அதாவது எழுநூறு ஆட்டங்கள், என் மனைவி கமலாவின் உழைப்பு. அவளுடைய அண்ணன் பிரான்சிலிருந்து ஒரு கட்டு செஸ் பத்திரிகைகள் அனுப்பியிருந்தார். அவற்றில் ஒவ்வொரு காய்க்கும் அதன் பிரெஞ்சுப் பெயரின் முதல் எழுத்துதான் குறி. அவற்றை நமக்குப் பழக்கமான இங்கிலீஷ் எழுத்துக்கு மாற்றி, மழைக்காலம் முழுக்க அட்டைகளில் எழுதினாள். அவளுக்கு பிரெஞ்சு தெரியும், செஸ் தெரியாது. எனக்கு நேர் எதிர்.

நான் என்ன செய்தேன்? டின்னைத் திறந்து பார்த்துப் பூரித்துப்போனேன். போர்டில் வைத்து ஆடிப் பார்த்தது சொற்பம்.

கடைசி ஆட்டத்தில், ஓர் அட்டையில் இருந்த அதே நிலை அப்படியே வந்தது. எனக்கு அது மனப்பாடம். அடுத்து ‘ஆர்’... இங்கிலீஷில் ‘ரூக்’, அதாவது யானை. நகர்த்தினேன். எதிராளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆறே நகர்த்தலில் என் கதை முடிந்தது.

வீட்டுக்கு வந்து பத்திரிகையைப் புரட்டினேன். அங்கேயும் ‘ஆர்’தான். ஆனால் பக்கத்திலேயே படம் போட்டிருந்தது — நகர்ந்திருப்பது ராஜா!

“என்ன எழுதி வச்சிருக்கே? ராஜாவ யானையாக்கிட்டியே! பிரெஞ்சு படிச்சவதானே நீ?” என்று கத்தினேன்.

கமலா டின்னின் அடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள். எந்த பிரெஞ்சு எழுத்துக்கு எந்த இங்கிலீஷ் எழுத்து என்ற பட்டியல். கடைசி வரி: ‘ஆர் — மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.’ கையெழுத்து என்னுடையது. இங்கிலீஷ் போலவே பிரெஞ்சிலும் ‘ஆர்’ யானைதான் என்று நானாக முடிவு கட்டி எழுதியது.

“பிரெஞ்சுல ஆர்னா ‘ருவா’, ராஜாவாச்சேன்னு அப்பவே சந்தேகந்தாங்க.”

“கேட்டிருக்கலாம்ல?”

“ரெண்டு தரம் கேட்டேன். ‘சொன்னதச் செய்’யின்னுட்டீங்க.”

தோற்றதைவிட இதுதான் வலித்தது. மன்னிப்புக் கேட்டேன். எழுதுவதற்கு ஒரு வரி... சொல்வதற்கு அரை மணி நேரம் ஆயிற்று.

சேர்த்து வைப்பதையே படிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். விஷயம் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருந்தாலும் காது கொடுப்பதில்லை. நான் மட்டுமா இப்படி?

மறுநாள் மாலை ஆபீஸிலிருந்து திரும்பினேன். கமலா சிவப்பு மைப் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே அட்டைகள், பத்திரிகைகள், என் செஸ் போர்டு.

“எல்லாத்தையும் திருத்திடறேங்க. ஆனா இந்தத் தடவ, என்ன எழுதறேன்னு தெரிஞ்சு எழுதணும். இந்த ராஜா எப்படி நகரும், சொல்லுங்க.”

எழுநூறு ஆட்டங்களை எழுதிக் கொடுத்தவள் — ‘ஓர் ஆட்டம் ஆடலாமா?’ என்று அவளை ஒருநாளாவது நான் கேட்டிருக்கிறேனா?