புள்ளிப் போர்வை

குரங்கு வளர்ப்பவர்களைக் கண்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எல்லாம் என் சித்தப்பாவால் வந்தது. செஞ்சிக் கோட்டை மலையடிவாரத்தில் தாய் செத்துக் கிடந்த ஒரு குட்டியை உள்ளங்கை அளவில் இருந்தபோதே தூக்கி வந்து, பசும்பால் ஊட்டி வளர்த்தார். ராசா என்று பெயர் வேறு. அது அம்மாவின் வடகத்தைத் தின்றது, என் சிலேட்டை உடைத்தது, நைனாவின் மூக்குக் கண்ணாடியைக் கூரையில் கொண்டுபோய் வைத்தது. நாங்கள் ஜைனர்கள். ஓர் உயிரை அடிப்பதும் பாவம், துரத்துவதும் பாவம். பிள்ளைகளை அடிப்பதற்கு மட்டும் எங்கள் வீட்டில் எந்தத் தடையும் இருந்ததில்லை.

"என் ராசா எதுக்கும் பயப்படாது" என்பது சித்தப்பாவின் ஓயாத பல்லவி. ஒருமுறை அவலூர்பேட்டைச் சந்தையிலிருந்து அவரே ஒரு போர்வை வாங்கி வந்தார். மஞ்சள் நிறம், அதில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். பிரித்து உதறியதுதான் தாமதம், ராசா வீரிட்டுக்கொண்டு உத்தரத்தில் ஏறிவிட்டது. போர்வையைப் பெட்டியில் வைத்துப் பூட்டும்வரை இறங்கவில்லை.

"சிறுத்தைன்னு நெனச்சுக்கிச்சு" என்றார் நைனா.

வீட்டிலேயே வளர்ந்த குரங்கு சிறுத்தையை எங்கே பார்த்தது? அத்தையிடம் கேட்டேன். "பார்த்தாத்தான் பயப்படணுமா இன்னா?" என்று சொல்லிவிட்டுப் பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அத்தை நைனாவின் கடைசித் தங்கை. டீச்சர் வேலைக்குப் படிக்க வேண்டும் என்று நைனாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், நிலபுலன் ஏராளம், வயது நாற்பதுக்கு மேல். அத்தை அவரைப் பார்த்ததேயில்லை. இருந்தும் அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். நைனா ஓர் அதட்டு அதட்டியதும் சட்டென்று அடங்கி, தானே கூடத்தைக் கூட்டித் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். பொண்ணு வழிக்கு வந்துவிட்டாள் என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

அவர்கள் வரும் நாளன்று ராசாவைச் சிங்கவரத்தில் இருந்த எங்கள் நிலத்துக்குக் கொண்டுபோய்விடும்படி நைனா உத்தரவு போட்டார். கிளம்பிய சித்தப்பாவிடம் அத்தை, "உன் ராசா சலாம் போடறதப் பார்க்க அவங்களுக்குக் குடுத்து வைக்கல, போண்ணா" என்றாள். அந்த மனுஷனுக்கு அது போதாதா!

பொழுது சாய்ந்தால் சாப்பிடாதவர்கள் என்பதால் பட்டப்பகலிலேயே வந்து இறங்கினார்கள். அம்மா அடுப்படியில், நைனா வாசலில். மாப்பிள்ளை கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து கேசரியை வாயில் வைத்த நேரம், சித்தப்பா ராசாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு பல்லைக் காட்டியபடி உள்ளே வந்தார். பெஞ்சின் மேல் விரித்திருந்தது அந்தப் புள்ளிப் போர்வை.

அப்புறம் கேட்க வேண்டுமா. ராசா அலறியது, சித்தப்பாவின் காதைப் பிறாண்டியது, உத்தரத்துக்குத் தாவி, மாப்பிள்ளையின் தலைக்கு நேர் மேலே நின்று பயத்தில் ஒன்றுக்கும் போய்விட்டது.

"அடிச்சுத் தொரத்துங்களேன்" என்று மாப்பிள்ளையின் அக்கா கத்தினாள். யார் அடிப்பது? அவர்களும் ஜைனர்கள்தானே. கோலை எடுத்தவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். சகுனம் சரியில்லை என்று எழுந்து போனவர்கள் போனவர்கள்தான்.

"எவடி பெட்டியத் தொறந்தது?" என்றாள் அம்மா. அத்தை தூங்கும்போது சாவியை உருவிப் பெட்டியை நோண்டுகிற பழக்கம் எனக்கு இருந்ததால், பதிலுக்குக் காத்திராமல் முதுகில் நாலு வைத்தாள். நான் தொடவே இல்லை என்று கதறினேன். யார் கேட்டார்கள்?

அழுதுகொண்டே தோட்டத்துப் பக்கம் போனேன். அங்கே அத்தை, வந்தவர்களுக்கென்று வாங்கிய வாழைப்பழச் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு, ராசாவுக்கு ஒவ்வொன்றாக உரித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை அட்டூழியம் பண்ணின குரங்குக்குப் பழமா என்று எனக்கு வயிறெரிந்தது. எனக்கும் ஒன்று நீட்டி, "ரொம்ப வலிக்குதாடி?" என்று முதுகைத் தடவினாள். உடனே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். கல்யாணம் நின்றுபோன துக்கம், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அழாத அத்தை, இதவிட நல்ல மாப்பிள்ளை வருவாங்க" என்றேன்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, இடுப்பில் இருந்த சாவி ஆடியது. சாவியைப் பார்த்துக்கொண்டேதான், அவள் அழுகிறாள் என்று நம்பினேன்.