வண்டி ஓடாத நாளில் நார்த்தாமலை

பஸ்ஸை விட்டு இறங்கியதும் டிக்கெட்டைப் பத்திரமாகக் கண்டக்டரிடமே திருப்பிக் கொடுத்த மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அவர் என் வீட்டுக்காரர். நார்த்தாமலைப் பிரிவில் இறங்கி, ஸ்டேஷன் வாசலைத் தாண்டுகிற பழக்கத்தில் இரண்டு டிக்கெட்டையும் நீட்டினார். "ரயில்காரரா நீங்க? ஒங்க வண்டி ஓடாமத்தான் எங்க வண்டியில மூச்சுவிட எடமில்ல. டிக்கெட்டையாவது நீங்களே வச்சுக்கங்க" என்றார் கண்டக்டர். படியில் தொங்கியவர்கள் சிரித்தார்கள். புதுப்பெண்டாட்டியாக நின்ற எனக்கு மானம் போயிற்று.

அறுபதுகள் பிறந்த சமயம் அது. ரயில்வே ஸ்ட்ரைக் தொடங்கி மூன்றாவது நாள். அவர் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். தை மாதம்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பொன்னமராவதியிலிருந்து வந்த நான் சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, நார்த்தாமலை என்று ஒரு பட்டியலே வைத்திருந்தேன். ரயில்காரனைக் கட்டினால் ஊர் ஊராகப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பியவள் நான். பாஸ் இருந்தது, லீவுதான் இல்லை. மலை பார்க்கப் போகிறவர்களுக்குத் தன் கையாலேயே டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர், அந்த மலையில் ஒருநாளும் ஏறியதில்லை. அப்பேர்ப்பட்டவர் அன்று காலையில் எழுந்ததும், "கெளம்பு, நார்த்தாமலை போயிட்டு வருவோம்" என்றார். ஏன், எதற்கு என்று கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று பயந்து நான் வாயைத் திறக்கவில்லை. புளியோதரை கிளறினேன். கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டேன்.

ரயிலில் போக வேண்டிய அத்தனை சனமும் ரோட்டில் நின்றது. இரண்டு பஸ் நிற்காமலே போயிற்று. அவர் நிமிஷத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பதினேழு நிமிஷம் லேட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பஸ்காரர்கள் நிமிஷக் கணக்கில் ஓட்டுவதில்லை என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது போலும். மூன்றாவது பஸ்ஸில் ஏறினோம். வழியில் ஒரு ஜீப் எதிரே வந்தபோது அவர் சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். வார் நன்றாகத்தான் இருந்தது.

பிரிவிலிருந்து ஊர் வரை நடந்து, ஊரைத் தாண்டிப் பாறையில் ஏறினோம். வெயிலில் பாறை செருப்பையும் மீறிச் சுட்டது. மேலே இருந்த பழைய சிவன் கோயிலைப் பார்த்ததும் எனக்குக் கால்வலி மறந்துவிட்டது. கருவறை வட்டமாக இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்தேன். அவரோ கோயிலுக்கு முதுகு காட்டிக்கொண்டு, தண்டவாளம் போகிற திசையையே பார்த்து நின்றார். சோறு வைத்தேன், பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அப்போதுதான் கேட்டேன்.

"ஆபீசர் ஜீப்பு வீடு வீடா வருது. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள வேலைக்கு வாரேன்னு கையெழுத்துப் போடாட்டி சீட்டுக் கிழிஞ்சிரும்" என்றார்.

"போட மாட்டேன்னு வீட்டுல இருந்தே சொல்ல வேண்டியதுதானேங்க?"

"ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டே மாட்டேன்னு சொல்ற தைரியம் எனக்கில்ல. வீட்டுல இருந்தா போட்டுருவேன்."

ஆக, என்னைக் கோயில் பார்க்க அழைத்து வரவில்லை, ஒளிந்துகொள்ள வந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தூக்குச்சட்டியை ஓசைப்பட மூடினேன். சண்டை போட்டிருப்பேன். அதற்குள் தூரத்தில் புகை தெரிந்தது. ஒரு ரயில் வந்துகொண்டிருந்தது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. அவருடைய ஸ்டேஷனைத் தாண்டாமல் அந்த வண்டி வந்திருக்க முடியாது. சிக்னல் கொடுத்து வண்டியை அனுப்பத் தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர்: ஒருவர் இவர், இன்னொருவர் பக்கத்து வீட்டுச் சிநேகிதர். ஸ்ட்ரைக் முடியும்வரை வேலைக்குப் போவதில்லை என்று கற்பூரம் அணைத்து முதலில் சத்தியம் செய்தவர் அந்தச் சிநேகிதர்தான். ரயில் மறையும் வரை பார்த்துவிட்டு இவர், "கெளம்பு. இப்பப் போனா அஞ்சு மணிக்குள்ள போயிரலாம்" என்றார்.

எதிரே பாறையைக் குடைந்த கோயிலில் பன்னிரண்டு பெருமாள்கள் இருக்கிறார்கள் என்று வழியில் ஒருவர் சொல்லியிருந்தார். "அந்தப் பெருமாள்களப் பாக்கலையேங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கூடவே வந்தார். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று கும்பிட்டேன். பிரிவுக்கு வந்தபோது மூன்றரை. பஸ் வந்தபோது ஐந்தே கால்.

சீட்டுக் கிழிந்தது. பதினான்கு மாதம் என் அப்பாவின் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டினார். ஒரு வார்த்தை குறைபட்டுக்கொண்டதில்லை. மறுபடி வேலைக்கு எடுத்தபோது அந்தச் சிநேகிதர் இவருக்கு மேலதிகாரி ஆகியிருந்தார். ஓய்வு பெற்ற நாளில் இவர் மேடையிலேயே சொன்னார்: "அன்னைக்கு நான் தடுமாறிட்டேன். பன்னெண்டு பெருமாளக் காட்டி என்னய நிறுத்துனது எங்க வீட்டுல உள்ளவங்கதான்." எல்லோரும் கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

உண்மை அதுவல்ல. அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் அன்று நானும் நினைத்தேன். இந்த மனிதர் இனி எங்கேயும் கூட்டிப் போக மாட்டார், வந்ததற்கு இதையாவது பார்த்துவிடுவோம் என்ற ஆசை, அவ்வளவுதான். நாலு மணி பஸ் நேரத்துக்கு வந்துவிடும் என்று நம்பினேன். நாற்பது வருஷம் அவர் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினார், நானும் கேட்டுக்கொண்டேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லும் தைரியம் எனக்கும் வரவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன மாதம் மகன் என்னை நார்த்தாமலைக்குக் காரில் அழைத்துப் போனான். அரை மணி நேரத்தில் போய்விட்டோம். என்னைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, பெருமாள்களுக்கு முன்னால் நின்று, "இந்த எடத்துலதானம்மா அப்பாவ நிறுத்துனீங்க?" என்று கேட்டான்.

"ஆமாப்பா, இங்கதான்" என்றேன்.